எத்தனை பேர் சொன்னால் அது உண்மையாகும்?

கேள்வி: கொடைக்கானல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானலில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் இயற்கை மன்றத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை பாம்பே சோலையின் ஓரமாக நடந்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி, எடுத்த படங்களை, பொதுமக்களே கூடிப் பெயர் சொல்லும் ஓர் இணையத்தளத்தில் ஏற்றி வருகிறோம்.

சென்ற மாதம் மாணவி ஒருத்தி, ஓடையோரம் மக்கிய இலைகளின் மேல் நின்ற சிறிய கருநீலப் பறவையைப் படமெடுத்தாள். சோலைக்குள் காலை எட்டு மணிக்கும் வெளிச்சம் குறைவாகவே இருக்கும் என்பதால் படம் சற்று மங்கலாக வந்தது. ஏற்றிய அரை மணி நேரத்தில் ஒருவர் அதை 'நீலகிரி சோலைக்கிளி' என்றார். மாலைக்குள் இன்னும் இருவர் அதையே ஆமோதித்தார்கள். தளமும் உறுதி செய்யப்பட்ட பதிவு என்று அதற்கு முத்திரை இட்டுவிட்டது. மறுநாள் பள்ளி நூலகத்தில் இருந்த பழைய பறவை நூலை எடுத்துப் பார்த்தேன். துறையில் பெரிதும் மதிக்கப்படும் அறிஞர் எழுதிய அந்த நூலில், நீலகிரிக்கும் பழனி மலைக்கும் சேர்த்து ஒரே பறவைதான் சொல்லப்பட்டிருக்கிறது. அதன் பெயரும் வேறாக இருக்கிறது. இதற்கிடையே, பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வரும் மாணவன் ஒருவன் இணையத்தில் உள்ள படங்களையெல்லாம் தன் பாட்டியிடம் காட்டியிருக்கிறான். அவர் பார்த்துவிட்டு, "நம்ம சோலையில இருக்கிறதுக்கு வயிறு வெள்ளை. இந்தத் துரு நிறத்துல இங்க நான் பார்த்ததே இல்லை" என்று சொல்லியிருக்கிறார்.

மூன்று பதில்களையும் கரும்பலகையில் எழுதினேன். அப்போது அந்த மாணவி எழுந்து, "டீச்சர், எத்தனை பேர் சொன்னால் அது உண்மையாகும்?" என்று கேட்டாள். பெரியவர்கள் எழுதிய நூலை நம்பு என்று சொல்லி அவளை உட்கார வைத்திருக்கலாம். ஆனால் அந்த நூலே பழையது என்பது எனக்குத் தெரியும். இணையத்தில் உள்ளவர்கள் சொல்வதை நம்பாதே என்றும் சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் இந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் பிள்ளைகள் கற்ற நூற்றுக்கணக்கான பூச்சி, பூ, பறவைப் பெயர்களில் பெரும்பாலானவை முகம் தெரியாத அந்த மனிதர்கள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவைதாம். பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதிப் பதில் வருவதற்குள் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறார்கள்.

எனவே என் கேள்வி இரண்டு. குறிப்பேட்டில் அந்தப் பறவையின் பெயரை என்னவென்று எழுதுவது? பலர் கூடிச் சொல்வதற்கும் துறை அறிந்தவர் ஒருவர் சொல்வதற்கும் இடையே முரண்பாடு வரும்போது, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எந்த வழியைக் கற்றுக் கொடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


பதில் 1: கோத்தகிரி பறவை நோக்கர்

ஆசிரியை அம்மா அவர்களுக்கு வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பறவைகளைப் பார்த்து வருகிறேன். பிறர் அனுப்பும் பதிவுகளைச் சரிபார்க்கும் பணியையும் சில காலம் தன்னார்வமாகச் செய்திருக்கிறேன். முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: பாட்டி சொன்னதுதான் சரி.

இந்தச் சோலைக்கிளிகளில் நீலகிரி சோலைக்கிளி பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வாழ்வது. அதன் விலாப்பகுதி செங்காவி நிறத்தில் இருக்கும். கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையிலும் உங்கள் பழனி மலையிலும் வாழ்வது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. அதன் விலா சாம்பல் கலந்த நீலம், வயிற்றின் நடுப்பகுதி வெள்ளை. (இங்கே கிளி என்றதும் பச்சைக்கிளியை நினைக்க வேண்டாம், மலையாளத்தில் கிளி என்றாலே பறவைதான்.) சோலையின் தரையை விட்டு அதிகம் வெளியே வராத இப்பறவைகளுக்கு அந்தத் தாழ்ந்த, வறண்ட கணவாய் கடலைப் போன்றது. உங்கள் மாணவியின் படத்தை நான் பார்க்கவில்லை. ஆனாலும் இதே தவறு நடந்த வேறு படங்களைப் பார்த்திருக்கிறேன். குறைந்த வெளிச்சத்தில் பின்னால் கிடக்கும் ஈரச் சருகின் நிறம் விலாவோடு கலந்து செங்காவி போலத் தெரிந்துவிடுகிறது. படத்தைப் பெரிதாக்கி, இறக்கையின் கீழ் விளிம்புக்கும் காலுக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும் பாருங்கள். நிறம் இறகின் மேலேயே நிற்கிறதா, இறகின் ஓரத்தைத் தாண்டிப் பின்னணியிலும் தொடர்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

நூலும் பொய் சொல்லவில்லை. அதற்கு ஒரு தேதி இருக்கிறது, அவ்வளவுதான். 2005-ல் பமீலா ராஸ்முசென், ஜான் ஆண்டர்டன் ஆகியோரின் தெற்காசியப் பறவைகள் நூல் வெளிவரும் வரை, பெரும்பாலான நூல்கள் இவ்விரண்டையும் ஒரே இனத்தின் இரு வகைகளாகவே கொண்டிருந்தன. பின்னர் 2017-ல் மரபணு, குரல், உடலளவு ஆகியவற்றை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, இவை வேறெங்கும் இல்லாத தனிப் பேரினம் என்று காட்டி 'ஷோலிகோலா' என்று பெயரிட்டது. பேரினத்தின் பெயரிலேயே நம் சோலை இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், மகிழ்வார்கள். ஆகவே ஒரு நிபுணரின் கூற்றைப் படிக்கும்போது யார் சொன்னார் என்பதோடு எப்போது சொன்னார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இப்போது அந்த மூன்று பேர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எந்தத் தளம் என்று சொல்லவில்லை. நான் அறிந்த ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில், குறைந்தது இருவர் பெயர் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒரே இனத்தைச் சொன்னால் அந்தப் பதிவு ஆய்வுத்தரம் என்ற நிலையை அடைகிறது. விதியில் குற்றமில்லை. ஆனால் அந்த விதி ஒன்றை நம்பி நிற்கிறது: சொல்பவர்கள் தனித்தனியாகப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதை. நடைமுறையில், முதலில் வருபவர் கணினி பரிந்துரைக்கும் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார். இரண்டாமவர் முதலாமவரின் பெயரைப் பார்த்த பின் படத்தைப் பார்க்கிறார். மூன்றாமவர் இருவர் சொல்லிவிட்டார்களே என்று ஒப்புகிறார். மூன்று குரல்கள் கேட்கின்றன, பார்த்த கண் ஒன்றுதான், சில சமயம் அதுவும் இல்லை.

பலர் கூடினால் அறிவு பெருகும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1906-ல் இங்கிலாந்தின் பிளைமவுத் கண்காட்சியில் ஒரு மாட்டின் இறைச்சி எடையை ஊகிக்கும் போட்டி நடந்தது. பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் 787 சீட்டுகளைப் பெற்று வரிசைப்படுத்தியபோது நடுவில் நின்ற எண் 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198 பவுண்டு. கூட்டத்தின் அறிவைப் புகழ்பவர்கள் இதை அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள், ஆனால் அங்கே ஒவ்வொருவரும் ஆறு பென்னி காசு கட்டி, தன் சீட்டில் தன் ஊகத்தை எழுதி, பிறர் சீட்டைப் பார்க்காமல் கொடுத்தார் என்ற பகுதியை விட்டுவிடுவார்கள். மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்குக் குவியலைப் பார்த்து எத்தனை மூட்டை தேறும் என்று பத்து வியாபாரிகளைத் தனித்தனியே கேட்பது வேறு. முதலாமவர் உரக்கச் சொன்ன பிறகு மற்ற ஒன்பது பேரைக் கேட்பது வேறு.

ஈபேர்ட் போன்ற தளங்களில் இதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். 2002-ல் அமெரிக்காவில் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் தொடங்கிய அந்தத் தளத்தில், ஓர் ஊருக்கும் மாதத்துக்கும் பொருந்தாத பெயரையோ எண்ணிக்கையையோ பதிந்தால் அது தனியே குறிக்கப்பட்டு, அந்தப் பகுதியை அறிந்த ஒருவரின் பார்வைக்குப் போகிறது. அவர் உங்களுக்கு எழுதுவார்: எங்கே பார்த்தீர்கள், எந்த அடையாளத்தைக் கொண்டு சொன்னீர்கள், வேறு எதுவாக இருக்க வாய்ப்பில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்பார். பார்ப்பது ஊர், சந்தேகிப்பது அறிந்தவர். இந்தப் பங்கீடு இருக்கும் இடத்தில் நான் கூட்டத்தை நம்புகிறேன்.


பதில் 2: கேத்திப் பள்ளத்தாக்கு விவசாயி

டீச்சரம்மா, பறவைகளைப் பற்றி எனக்குத் தெரியாது. உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறவன். ஆனால் உங்கள் மாணவி கேட்ட கேள்வி எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறைக்கு முன்பே எழுந்த கேள்வி என்பதால் எழுதுகிறேன்.

என் தாத்தா காலத்தில் உருளைக்கிழங்குக் காட்டின் நடுவே வட்ட வட்டமாகச் செடிகள் குன்றி மஞ்சளாகிவிடும். ஆண்டுக்கு ஆண்டு அந்த வட்டம் பெரிதாகும். மண் களைத்துவிட்டது என்பார்கள், எரு பற்றவில்லை என்பார்கள், கண்பட்டது என்பாரும் உண்டு. எங்கள் ஹட்டியில் (மலைக் கிராமத்தில்) மட்டுமல்ல, பக்கத்து ஹட்டிகளிலும் அதே பேச்சுத்தான். பரம்பரையாக மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தே பதம் சொல்லக்கூடியவர்கள் அத்தனை பேரும் ஒரே முடிவைச் சொன்னார்கள். அத்தனை பேர் சொன்னதும் தவறு. 1961-ல் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய நூற்புழு ஆய்வாளர் நீலகிரிக்கு வந்தபோது, வேரில் ஒட்டியிருந்த முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டறிந்தார். இந்தியாவில் அது அறியப்பட்டது அதுவே முதல் முறை. பூக்கும் பருவத்தில் செடியை மெதுவாகப் பெயர்த்து, மண்ணை உதறாமல் தண்ணீரில் அலசி, வேரை உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள்: கடுகை விடச் சிறிய, பொன்னிற மணிகள் வேரோடு ஒட்டியிருக்கும். நாங்கள் அத்தனை காலமும் வேரைப் பிடுங்கி உதறித்தான் பார்த்திருந்தோம். ஒவ்வொரு மணிக்குள்ளும் நூற்றுக்கணக்கான முட்டைகள். உருளைக்கிழங்கே போடாமல் விட்டாலும் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். எரு போட்டால் தீருமா?

ஊட்டி முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இதற்காகவே பாடுபட்டு, 1985-ல் குப்ரி சுவர்ணா என்ற எதிர்ப்புத் திறன் கொண்ட இரகத்தைத் தந்தது. என் அப்பா அதைப் போட்ட முதல் ஆண்டைப் பற்றி இன்றும் பேசுவார். எனவே நிபுணர் எதற்கு என்று என் முன்னால் யாராவது கேட்டால் எனக்குப் பொறுக்காது. கண்ணுக்கு எட்டாததை ஊரே கூடினாலும் பார்க்க முடியாது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஒரு மருந்துத் தெளிப்பு அட்டவணை தந்தார்கள். நட்ட எத்தனையாவது நாளில் என்ன தெளிக்க வேண்டும் என்று நாள் கணக்கில் இருந்தது. பின்கருகல் நோய்க்கு நாள் கணக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் குளிரும் இலையில் நிற்கும் ஈரமும்தான். அந்த ஆண்டு ஜூலையில் பள்ளத்தாக்கில் ஒரு வாரம் பனிமூட்டம் இறங்கி நின்றது. அட்டவணைப்படி அடுத்த தெளிப்புக்கு ஐந்து நாள் பாக்கி என்று காத்திருந்தவர்களில் நானும் ஒருவன்; நான்காம் நாள் இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தது, ஏழாம் நாள் காடே கருகி நாறியது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தத் திங்கட்கிழமையே, "கீழ்க்காட்டில் பனி விலகவே இல்லை, இலை மதியம் வரை ஈரமாக இருக்கிறது" என்று ஓர் அக்கா குரல் பதிவு போட்டிருந்தார். படிக்காதவர், ஆனால் நின்று பார்த்தவர். அவர் பேச்சைக் கேட்டவர்களின் காடு தப்பியது.

அதே குழுவில்தான், குளிர்பானத்தைத் தெளித்தால் கருகல் போகும் என்ற செய்தியும் வந்தது. அதையும் இருபது பேர் கைகூப்பி வரவேற்றார்கள். நான் கண்டுகொண்டது இதுதான்: குழுவில் ஒருவர் 'என் காட்டில் இன்று காலை இதைப் பார்த்தேன்' என்று சொன்னால் உடனே எழுந்து என் காட்டுக்குப் போகிறேன். 'இதற்கு இதுதான் மருந்து' என்று சொன்னால், அவர் எங்கே, எந்த இரகத்தில், எத்தனை முறை செய்தார் என்று கேட்கிறேன். பதில் வராவிட்டால் முத்தோரைக்குத் தொலைபேசியில் கேட்கிறேன்.


பதில் 3: குன்னூர், ஓய்வு பெற்ற செவிலியர்

பறவையின் பெயர் தவறினால் குறிப்பேட்டில் திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாத இடங்களும் உண்டு என்பதை உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள், அம்மா.

சில ஆண்டுகளுக்கு முன் மழைக்காலத்தில், எங்கள் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளில் இருந்த ஒரு குடும்பம் சவுக்கு மர ஓரத்தில் முளைத்த வெண்ணிறக் காளானைப் படமெடுத்து, இருநூறு பேர் உள்ள ஒரு குழுவில் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். "நாங்கள் சின்ன வயதிலிருந்து சாப்பிடுவதுதான்" என்று நான்கைந்து பேர் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்காசைப் போட்டுக் கொதிக்க வையுங்கள், கறுக்காவிட்டால் நஞ்சு இல்லை என்று ஒருவர் வழியும் சொல்லியிருக்கிறார். காசு கறுக்கவில்லை. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர்களுக்கு விடியற்காலை வரை ஒன்றுமில்லை. பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. என்னை அழைத்தார்கள். மிச்சக் காளானை ஒரு காகிதப் பொட்டலத்தில் எடுத்துக்கொண்டு 108 வண்டியில் ஏற்றி அனுப்பினேன். இறைவன் அருளால் மூவரும் பிழைத்தார்கள். மூத்தவருக்குக் கல்லீரல் தேற இரண்டு மாதங்கள் ஆயின.

அமானிட்டா என்ற காளான் பேரினத்தில் சிலவற்றில் உள்ள நஞ்சு, சாப்பிட்டு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே தன்னைக் காட்டும், சில வேளை அதற்கும் பின்னால். சமைத்தாலும் அது அழியாது. வெள்ளி, பூண்டு, மஞ்சள் எதுவும் அதைக் கண்டுபிடிக்காது. எல்லாவற்றிலும் கொடியது, இரண்டாம் நாள் வாந்தி நின்று நோயாளி தேறியதுபோலத் தோன்றுவார். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். அந்த நாளில்தான் குழுவில் உள்ளவர்கள், "பார்த்தீர்களா, சரியாகிவிட்டது" என்று எழுதுகிறார்கள்.

அந்த நான்கைந்து பேர் பொய் சொன்னவர்கள் இல்லை என்பதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. அவர்கள் சாப்பிட்டது வேறு காளான். மேலிருந்து எடுத்த படத்தில் குடை மட்டும்தான் தெரியும். வேறுபாடு தண்டின் அடியில், மண்ணுக்குள் புதைந்த பை போன்ற உறையில் இருக்கிறது. படத்தைப் பார்த்தவர் எவருக்கும் அது தெரிய வழியே இல்லை. உடலுக்குள் போகும் எதைப் பற்றியும் குழுவில் கேட்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இதில் நான் யாரோடும் ஒத்துப்போக மாட்டேன்.


பதில் 4: உதகை, தமிழ் விக்கிப்பீடியா பங்களிப்பாளர்

செவிலியர் அம்மா சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. கோத்தகிரி நண்பரின் 'பார்ப்பது ஊர், சந்தேகிப்பது அறிந்தவர்' என்ற பங்கீட்டோடு மட்டும் எனக்குச் சற்று வேறுபாடு உண்டு. சந்தேகிக்கும் உரிமையை அறிந்தவருக்கு மட்டும் கொடுத்தால், அவர் அறிந்தவர்தான் என்பதை இணையத்தில் யார் உறுதி செய்வது? 2007-ல் ஆங்கில விக்கிப்பீடியாவில் இறையியல் பேராசிரியர் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டு, அந்தத் தகுதியைச் சொல்லியே விவாதங்களில் பேசிவந்த ஒருவர், உண்மையில் 24 வயது இளைஞர் என்றும் அந்தப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை என்றும் வெளிப்பட்டது. அதனால்தான் நாங்கள் எழுதியவரின் பட்டத்தைக் கேட்பதில்லை, சான்றைக் கேட்கிறோம்.

நிபுணர்களை மட்டும் வைத்து இணையத்தில் கலைக்களஞ்சியம் கட்டும் முயற்சி முதலில் நடந்தது என்பதும் பலருக்குத் தெரியாது. 2000-ல் தொடங்கிய நூபீடியாவில் ஒரு கட்டுரை ஏழு கட்டப் பரிசீலனையைத் தாண்ட வேண்டும். 2003-ல் அது மூடப்பட்டபோது முழுமையாகத் தேறிய கட்டுரைகள் முப்பதைக்கூட எட்டவில்லை. அதற்குத் துணையாக 2001 ஜனவரியில் திறந்துவிட்ட விக்கிப்பீடியா, முதல் ஆண்டிலேயே சுமார் 20,000 கட்டுரைகளைத் தொட்டது. 2005-ல் 'நேச்சர்' இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை எடுத்துத் துறை அறிஞர்களிடம் கொடுத்து, பிரிட்டானிக்கா என்ற ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தோடு ஒப்பிட்டது. பெரும் பிழைகள் இரண்டிலும் நான்கு நான்கு. சிறு பிழைகளையும் விடுபாடுகளையும் எண்ணினால் விக்கிப்பீடியாவில் 162, பிரிட்டானிக்காவில் 123. பிரிட்டானிக்கா இந்த ஒப்பீட்டு முறையையே மறுத்தது. எங்களில் சிலர் இதை வெற்றியாகச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை, ஏனென்றால் அந்தப் பிழைகளைக் கண்டுபிடித்தவர்கள் யார்? துறை அறிஞர்கள்.

தமிழில் எங்களுக்கு உள்ள கவலை வேறு. பெரிய மொழிகளில் ஒரு பிழையை ஆயிரம் கண்கள் பார்க்கின்றன. நம்மிடம் ஒரு சோலை மரத்தைப் பற்றிய கட்டுரையை எழுதியவரைத் தவிர வேறொருவர் ஆண்டு முழுவதும் திறக்காமலும் இருக்கலாம். ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாவில் நடந்ததை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. அந்த மொழி தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் சிறுவயதிலிருந்து பல ஆண்டுகளாக 20,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஆங்கிலச் சொற்களின் எழுத்தை மாற்றி எழுதிவந்தார் என்பது 2020-ல்தான் வெளியே தெரிந்தது. அவருக்குத் தீய எண்ணம் எதுவும் இருக்கவில்லை. பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான். கூட்டத்தின் அறிவு என்று நாம் சொல்லும் இடத்தில் கூட்டம் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நம் மொழியில் பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வந்தபோது, ஒவ்வொரு கட்டுரைக்கும் துறை அறிந்தவரைத் தேடிப்பிடித்து எழுத வைத்தார்கள். அந்த உழைப்புக்கு இன்றும் நான் தலைவணங்குகிறேன், அதைத் திருத்தவோ புதுப்பிக்கவோ வழியில்லாமல் அது அலமாரியில் நின்றுவிட்டதே என்று வருந்தவும் செய்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். தொட்டபெட்டாவின் உயரத்தைத் தேடச் சொல்லுங்கள். சில இடங்களில் 2,637 மீட்டர் என்றும் சில இடங்களில் 2,623 மீட்டர் என்றும் கிடைக்கும். எது அதிகம் வருகிறது என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தது என்று பின்னோக்கிப் போகச் சொல்லுங்கள். பல பக்கங்கள் ஒன்றிலிருந்து ஒன்று நகலெடுத்தவை என்பதும், மூலம் காட்டும் பக்கங்கள் மிகச் சிலவே என்பதும் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். விக்கிப்பீடியாப் பக்கங்களில் பக்கத்தின் வரலாற்றைக் காட்டும் இணைப்பை அழுத்தி, அந்த எண்ணை யார், எந்த நாளில் மாற்றினார்கள் என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அச்சு நூல் இந்தத் தடத்தைக் காட்டுவதில்லை.

பாட்டி சொன்னதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் விதிப்படி அதை நான் கட்டுரையில் சான்றாகச் சேர்க்க முடியாது. வெளியான நூலோ ஆய்வோ வேண்டும். இந்த விதி ஏன் தேவை என்பதை அறிந்தவன் நான். ஆனாலும் மலையில் வாழ்கிறவன் என்ற முறையில், எழுதப்படாத ஒரே காரணத்தால் எத்தனை அறிவு எங்கள் வாசலில் நின்று திரும்பிப் போகிறது என்பதை நினைத்து வருந்தாத நாளில்லை.


மறுமொழி: கொடைக்கானல் ஆசிரியை

நால்வருக்கும் என் மனமார்ந்த நன்றி. கோத்தகிரி ஐயா சொன்னபடி, நேற்று மாலை படத்தைக் கணினியில் பெரிதாக்கி எல்லோருமாகப் பார்த்தோம். செங்காவி நிறம் இறகின் விளிம்பில் நிற்காமல் காலுக்குப் பின்னால் இருந்த சருகு வரை அப்படியே ஓடியது. விலா நீலந்தான். இன்னொரு மாணவன் அதே நிமிடத்தில் எடுத்து, மங்கல் என்று ஒதுக்கி வைத்த படத்தில் பறவை திரும்பி நிற்கிறது. அதில் வயிற்றின் வெள்ளை தெளிவாகவே தெரிகிறது. இரண்டு படங்களையும் சேர்த்து ஏற்றி, காரணத்தையும் எழுதினோம். முதலில் பெயர் சொன்னவர் இன்று காலை தம் பெயரைத் திரும்பப் பெற்று, மாணவிக்கு நன்றி தெரிவித்திருக்கிறார். மற்ற இருவர் இன்னும் பதில் எழுதவில்லை.

கரும்பலகையில் இருந்த மூன்று பதில்களுக்கும் எதிரே, எப்படித் தெரியும் என்று ஒரு கட்டம் போட்டோம். விவசாயி ஐயாவின் கேள்விகளை அப்படியே எடுத்துக்கொண்டேன். தளத்தில் சொன்ன மூவருக்கு எதிரே 'ஒரு படம்' என்றும், நூலுக்கு எதிரே 'அருங்காட்சியகத்தில் உள்ள உடல்கள், 2005-க்கு முன்' என்றும் பிள்ளைகளே எழுதினார்கள். பாட்டிக்கு எதிரே என்ன எழுதுவது என்று நெடுநேரம் விவாதம் நடந்தது. கடைசியில் அவருடைய பேரனே எழுந்து வந்து, 'ஐம்பது வருடம், இதே ஓடை' என்று எழுதினான்.

உதகை ஐயாவுக்கு ஒரு கேள்வி: பாட்டி பேசுவதைப் பிள்ளைகள் பதிவு செய்து, அவர் சம்மதத்தோடு எங்கள் பள்ளி ஆண்டு மலரில் அச்சிட்டால், அது வெளியான சான்று ஆகுமா? ஆகாது என்றால், எங்கே அச்சிட வேண்டும் என்று சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை அவரும் எங்களோடு சோலைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.